செட்டியார் வயிற்றில் சங்கிலி

"ஐயோ...!"

கரோல் பாக், மூன்றாம் மாடி ஃப்ளாட். அலறியது லதா.

கணவர் விஸ்வநாதன் ஓடி வந்தார்.

பரணிலிருந்து இறக்கிய கொலுப்பெட்டி திறந்து கிடந்தது. லதாவின் கையில் செட்டியார் பொம்மை, தலைகீழாக. தரையில்... ஆறு பவுன் சங்கிலி!

"போன நவராத்திரி முடிஞ்சப்போ நான்தான் இதுக்குள்ள ஒளிச்சு வெச்சேன்... ஏன்னா, சுத்தமா மறந்துட்டேன்!"

"அடிப்பாவி! இதைத் திருடினாள்னுதானே அம்சவேணியைப் பிடிச்சுக் குடுத்தே? எட்டு மாசம் ஜெயில்ல கிடந்தாளேடி!"

வேலைக்காரி அம்சவேணி அன்றைக்கே காலில் விழுந்து கதறினாள். அம்மா செட்டியாருக்குள் எதையோ போட்டதைப் பார்த்தேன், பெட்டியைப் பிரியுங்கள் என்று.

நவராத்திரிக்கு முன்னால் பிரித்தால் அபசாரம் என்றாள் லதா. போலீசும் பயபக்தியோடு பெட்டியை விட்டுவிட்டு ஆளை அள்ளிக்கொண்டு போனது!

போன வாரம்தான் ஜாமீன். அடுத்த வாரம் தீர்ப்பு.

"உடனே போலீசுக்குச் சொல்லு, லதா."

"தில்லி பூரா சிரிக்கும்! நீங்க வாயைத் திறக்கப்படாது."

"கொலு வெச்சப்புறம் பொம்மையை யார் தொடப்போறா?" என்று, குலுங்கிச் சத்தம் வராதபடி சுற்றி, சங்கிலியை மறுபடி செட்டியாருக்குள் திணித்தாள்.

மறுநாள் மாலை. காலிங் பெல்!

வாசலில் அம்சவேணி... பக்கத்தில் அன்று அவளைக் கைது செய்த இன்ஸ்பெக்டர் ஜெயபால்!

"கொலு பாக்க வந்தோம். இப்பப் பெட்டியைப் பிரிச்சாச்சு இல்ல?" என்றார் ஜெயபால்.

கொலுவுக்கு வந்தவளைப் போ என்று எந்த மாமியால் சொல்ல முடியும்? குங்குமச்சிமிழை நீட்டினாள் லதா.

அம்சவேணி இட்டுக்கொண்டாள். நேராகக் கடைசிப் படிக்குப் போய்ச் செட்டியாரைத் தூக்கிக் குலுக்கினாள்.

சத்தமே இல்லை!

லதாவுக்கு மூச்சு வந்தது.

ஜெயபால் பொம்மையை வாங்கி அடியில் விரலை விட்டார். ஒரு பொட்டலம்! உள்ளே சங்கிலி!

"பெருமாளே! இங்கேயா இருந்தது? சத்தியமா எனக்குத் தெரியாது சார்!"

"அச்சா..." ஜெயபால் காகிதத்தை விரித்தார். "ஒரு வருஷமா உள்ள இருந்த சங்கிலி, நேத்து பேப்பர்ல எப்படிம்மா சுத்தியிருக்கு?"

விஸ்வநாதன் சீலிங் ஃபேனை ஆராய்ந்தார்.

அம்சவேணி உடைந்து அழுதாள். "எம் புள்ளைங்களை எல்லாரும் திருடி பெத்ததுங்கன்னு சொன்னாங்களே சார்..."

"இனிமே சொல்ல மாட்டாங்க. கோர்ட்ல நானே சொல்றேன்." ஜெயபால் லதாவிடம் திரும்பினார். "நீங்க ஸ்டேஷனுக்குக் கிளம்புங்க. பொம்மையும் வேணும்."

"கொலு முடியற வரைக்கும் படியிலேர்ந்து பொம்மையை எடுக்கப்படாது சார்! அபசாரம்!"

அம்சவேணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சாமி குத்தம் வேணாம் சார். பொம்மை இங்கயே இருக்கட்டும்... அம்மாவை மட்டும் ஜல்தி எடுத்துட்டுப் போங்க!"