முப்பது நிமிடக் களவு

ஜனவரி 16, வியாழன். காலை 5.50.

நாட்டின் தென்கோடித் தீவில், கேம்பல் பேயிலிருந்து தெற்கே போகும் சாலையில், பதினோராம் கிலோமீட்டர் கல்லுக்கு எதிரே இருந்த மணலில் பதினொரு குழிகள் திறந்து கிடந்தன. எல்லாம் கடலாமைக் கூடுகள். முட்டை ஒன்றுகூட மிச்சமில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் விசாலாட்சி இரண்டு முறை அந்த மணலைச் சுற்றி வந்தாள். கூடுகளுக்கு அடையாளம் எதுவும் வைப்பதில்லை. ட்ரோன் எடுத்த வீடியோவில் மட்டும்தான் இடம் தெரியும். ஆனால் வந்தவர்கள் ஒரு குழியைக்கூட வீணாகத் தோண்டவில்லை. வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள்.

காலை 9.30.

ஆமைத் திட்ட அலுவலகம் என்பது ஒரு தகரக் கூரைக் கட்டடம், மூன்று பேர், இரண்டு மடிக்கணினிகள். தலைவர் இராமகிருஷ்ணன் எல்லாவற்றுக்கும் புள்ளிவிவரம் வைத்திருக்கிற மனிதர். யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவார். விசாலாட்சி உட்காருவதற்கு முன்பே அவர் குற்றவாளியைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"வீடியோ எல்லாம் இந்த ஹார்ட் டிஸ்க்ல இருக்கு மேடம். பென் டிரைவ்ல அடங்காது. யாரோ செவ்வாய்க்கிழமை அதைச் சுருக்கி எடுத்திருக்காங்க. கம்ப்யூட்டர் ரெண்டுலயும் தடயத்தைத் துடைச்சிருக்காங்க. ஆனா டிஸ்க்ல சாஃப்ட்வேர் எழுதின நேரக் குறிப்பை அழிக்க மறந்துட்டாங்க."

விசாலாட்சி அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். ஒரே அளவுள்ள பத்துப் பகுதிகள். தொடக்கம் 11.00. ஒவ்வொன்றும் முடிந்த நேரம்: 11.02, 11.04, 11.06, 11.08, 11.10, 11.14, 11.18, 11.22, 11.26, 11.30.

"எந்தக் கம்ப்யூட்டர்னு எழுதலையே?"

"எழுத வேண்டாம். முப்பது நிமிஷம், அது போதும். விஷயம் தெரிஞ்சதும் இன்னிக்கு காலைலயே சார்ஜர் செருகி ரெண்டுலயும் இதே வேலையை ஓட்டிப் பார்த்தேன். என்னோடது வேகமான பிராசஸர், இருபது நிமிஷத்துல முடிச்சிடுது. இங்க வேலை செய்யற ரோசலினோடது முப்பது. அப்ப எதுல செஞ்சிருக்காங்க?" பெருமையாக இன்னொன்றும் சேர்த்தார். "என்னோடதை யாரும் திறக்கவும் முடியாது. விரல் வைக்கணும். என் விரல், ட்ரோன் வீடியோ இறக்குறதுக்காக ஸ்ரீதர் விரல், அவ்வளவுதான்."

"செவ்வாய்க்கிழமை நீங்க எங்க இருந்தீங்க?"

"பத்து மணிலேர்ந்து ஒரு மணி வரை கப்பல் நிக்கிற ஜெட்டில. கப்பல்ல சாமான் வந்துது. பத்துப் பேர் பார்த்திருக்காங்க."

அடுத்து ஸ்ரீதர். முப்பது வயது, மெயின்லேண்டிலிருந்து வந்து இரண்டு வருடம். ட்ரோன் ஓட்டுபவன்.

"பதினொண்ணுலருந்து பன்னெண்டு வரை?"

"பின் ரூம்ல மேடம். ட்ரோன் பேட்டரி ஆறும் சார்ஜ் போட்டேன். ஒண்ணுல பச்சை எரிஞ்சதும் எடுத்துட்டு அடுத்தது."

"வித்தியாசமா ஏதாவது நடந்துதா?"

"குச் பீ நஹி, ஒண்ணுமில்ல மேடம். எப்பவும் போலத்தான்."

கடைசியில் ரோசலின். தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்த மீனவக் குடும்பம். அண்ணன் இருதயநாதனுக்குச் சொந்தமாக ஒரு டிங்கிப் படகு உண்டு. முட்டை கடல் வழியாகப் போயிருக்க வேண்டும் என்பதால், பஜாரில் காலை டீ ஆறுவதற்குள் அந்த டிங்கியின் பெயரும் அடிபட ஆரம்பித்துவிட்டது.

"ஆபீஸ் கொல்லைல வலை அலசிக்கிட்டிருந்தேன் மேடம். ஒரு மணி நேரம் உள்ள வரல."

"யாராவது பார்த்தாங்களா?"

"வலையை யாரு வந்து பாப்பா?" என்றாள். அழவில்லை. விசாலாட்சிக்கு அதுவே சந்தேகமாகப் பட்டது. போலீஸ் புத்தி அப்படித்தான். அழுதாலும் சந்தேகம், அழாவிட்டாலும் சந்தேகம்.

ஜனவரி 17, வெள்ளி. காலை 10.15.

மேலிடத்து உத்தரவு வந்துவிட்டது. ரோசலினை மாலை நாலு மணிக் கப்பலில் போர்ட் பிளேருக்கு விசாரணைக்கு அழைத்துப் போக வேண்டும். அவள் வேலை அந்த நிமிடமே போய்விட்டது. கப்பல் ஏறினால் பெயரும் போய்விடும். இந்தத் தீவில் கப்பலேறிப் போன பெயர் திரும்பி வந்ததே இல்லை.

விசாலாட்சிக்கு மனம் ஒப்பவில்லை. தனக்கும் கம்ப்யூட்டருக்கும் தூரம் என்பது அவளுக்குத் தெரியும். போர்ட் பிளேர் ஹேடோவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஜெரினைப் போனில் பிடித்தாள்.

"ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே கலர்தான் மேடம். உள்ள இருக்கிற பிராசஸர்தான் வேற. சாரோடதுல பதினாலு கோர். பதினாலு பேர் சேர்ந்து வேலை செய்யற மாதிரி. ஆனா தீனி ஜாஸ்தி. நாப்பத்தஞ்சு வாட் இழுக்கும், சூடாகும், ஃபேன் கத்தும். ரோசலினோடதுல எட்டுக் கோர்தான். பதினஞ்சு வாட் போதும். சத்தமே வராது, பேட்டரி பத்து மணி நேரம் நிக்கும்."

"எது நல்லது?"

"அது வேலையைப் பொறுத்தது மேடம். வீடியோன்னா சாரோடதுதான் ராஜா. காட்டுல, படகுல உக்காந்து எழுதணும்னா ரோசலினோடது."

"அப்ப சாரோடதுல முப்பது நிமிஷம் ஆகாதா?"

"நல்லா ஓடினா ஆகாது மேடம்."

"நல்லா ஓடலைன்னா?"

ஜெரின் ஏதோ சொன்னான். அதற்குள் நெட்வொர்க் அவனை விழுங்கிவிட்டது. மறுபடி ஏழு முறை முயன்றும் லைன் கிடைக்கவில்லை.

மதியம் 1.20.

தன் கண்ணால் பார்த்துவிடுவது என்று விசாலாட்சி அலுவலகத்துக்கே போனாள். இரண்டு மடிக்கணினிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சார்ஜர் செருகி, அதே வேலையை ஓடவிட்டாள். தலைவருடையது மூச்சிரைத்துக்கொண்டு இரண்டு நிமிடத்துக்கு ஒரு பகுதியாகத் தள்ளியது. ரோசலினுடையது சத்தமில்லாமல் மூன்று நிமிடத்துக்கு ஒன்று.

1.26-க்கு மின்விசிறி நின்றது. கரண்ட் போய்விட்டது.

யாரும் தலை நிமிரவில்லை. இராமகிருஷ்ணன் பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தை நிறுத்தாமலே ஒரு ஃபைலை எடுத்து விசிறிக்கொண்டார். "இன்வெர்ட்டர் செத்து மூணு மாசமாச்சு" என்று மட்டும் இடையில் சொன்னார்.

ஆனால் தலைவரின் மடிக்கணினி மட்டும் சட்டென்று அமைதியாகிவிட்டது. அடுத்த பகுதிக்கு நாலு நிமிடம் எடுத்தது. அதற்கடுத்ததும் நாலு. ரோசலினுடையது கரண்ட் போனதையே கண்டுகொள்ளவில்லை. அதே மூன்று நிமிட நடை.

விசாலாட்சி நோட்டைப் பிரித்தாள். நேற்று அந்தப் பத்து நேரங்களையும் தானே எழுதியிருந்தும், முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். தன் தலையில் தானே குட்டிக்கொள்ளத் தோன்றியது. எழுந்து நேராகப் பவர் ஹவுஸுக்கு ஜீப்பை விட்டாள்.

பிற்பகல் 3.05.

ஸ்டேஷனில் மூவரும் இருந்தார்கள். ரோசலின் மடியில் ஒரு துணிப்பை. வெளியே கப்பலின் முதல் ஹாரன் கேட்டது.

"ஸ்ரீதர், செவ்வாய்க்கிழமை எத்தனை பேட்டரி சார்ஜ் ஆச்சு?"

"ஆறு மேடம். சொன்னேனே."

"பன்னெண்டுக்குள்ள ஆறுலயும் பச்சை எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது."

"எப்படி எரிஞ்சுது? பதினொண்ணு பத்துலேர்ந்து பன்னெண்டு இருபத்தஞ்சு வரை கேம்பல் பே முழுக்க கரண்ட் இல்ல. பவர் ஹவுஸ் ரெஜிஸ்டர்ல இருக்கு."

ஸ்ரீதர் வாசல் பக்கம் பார்த்தான்.

"அதை மறந்தது உங்க தப்பில்ல. இங்க கரண்ட் போறதை யாரு ஒரு சமாசாரமா நினைக்கிறா? ரெண்டு நாளா நானும் கேட்டுக்கிட்டே இருக்கேன், ஒருத்தர் வாய்லேர்ந்தும் வரல." விசாலாட்சி இராமகிருஷ்ணன் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க மொத்தத்தைக் கூட்டினீங்க. ஒவ்வொரு படியையும் பார்க்கல. முதல் அஞ்சு பகுதி ரெண்டு ரெண்டு நிமிஷம். பதினொண்ணு பத்துக்கு கரண்ட் போச்சு. அப்புறம் அஞ்சு பகுதி நாலு நாலு நிமிஷம். பத்தும் இருபதும் முப்பது. உங்க பதினாலு கோர் பிராசஸர் வயர்ல இருந்தா புலி, பேட்டரிக்கு வந்தா பாதி வேகம். ரோசலினோடது வயர் இருந்தாலும் இல்லாட்டியும் மூணு நிமிஷம்தான். அதுல செஞ்சிருந்தா பத்தும் மூணு மூணா வந்திருக்கும். ஆக, திருடினது உங்க கம்ப்யூட்டர்ல. அது திறக்கிறது ரெண்டு விரலுக்கு. ஒரு விரல் ஜெட்டில இருந்துது."

அறையில் இருந்த எல்லாரும் ஸ்ரீதரைப் பார்த்தார்கள். அவன் தன் விரல்களை மடக்கிக்கொண்டான்.

"முட்டையை எடுப்பாங்கன்னு சத்தியமா தெரியாது மேடம்" என்றான். "ரெண்டு பேர் ஜெட்டில பேச்சுக் கொடுத்தாங்க. படம் மட்டும்தான் வேணும்னாங்க. மெயின்லேண்ட்ல வேலை வாங்கித் தர்றதா சொன்னாங்க. இந்தத் தீவை விட்டுப் போனா போதும்னு இருந்துது."

"அதே நாலு மணிக் கப்பல்ல போகலாம்" என்றாள் விசாலாட்சி. அதைச் சொன்னபோது அவளுக்கே சந்தோஷமாக இல்லை.

3.40.

இராமகிருஷ்ணன் ரோசலின் முன்னால் வந்து நின்றார். "திங்கக்கிழமை வழக்கம் போல வந்துடும்மா" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு வெளியேறினார். ரோசலின் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். ஆனால் வாசலுக்குப் போகவில்லை.

"மூணு வருசமா ஒண்ணா உக்காந்து சாப்பிட்டிருக்கோம் மேடம். இவ செய்ய மாட்டான்னு ஒரு ஆளு சொல்லல. ஒரு மிசினு சொல்ல வேண்டியிருந்திச்சு."

"நானும் சொல்லலம்மா" என்றாள் விசாலாட்சி.

"எனக்கு ஒரு காயிதம் எழுதித் தாங்க. திருடுனது நான் இல்ல, எங்கண்ணனும் இல்லன்னு. ஸ்டேசன் சீலு வெச்சு."

விசாலாட்சி வெள்ளைத்தாளை எடுத்துத் தமிழில் தேதியைப் போட்டாள். ரோசலின் மேசை மேல் கை வைத்துத் தடுத்தாள்.

"தமிழ்ல வேண்டாம் மேடம். ஹிந்தில எழுதுங்க. பஜார்ல ஒட்டணும். பேசுன அத்தனை பேரும் படிக்கணும்."

விசாலாட்சி அந்தத் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தாள். தள்ளி நின்றே படிக்கும்படி, முதல் வரியில் ரோசலின் பெயரைக் கொட்டை எழுத்தில் ஹிந்தியில் எழுத ஆரம்பித்தாள்.