முன்னால் தடை

"நகருங்க!"

அவள் போட்ட சத்தத்தில் கோல்ஃப் மைதானத்தின் கடைசிக் கொடிகூட ஆடியிருக்கும். அவன் நகரவில்லை. ஆளில்லாமல் தானே புல் வெட்டும் ஏழாம் நம்பர் மெஷின் அவன் காலடியில் நின்று சிவப்பு விளக்கைச் சிமிட்டியது. அவள் போன் கிணுகிணுத்தது. 'முன்னால் தடை.'

மூன்று வாரமாக இதே செய்தி. விடிந்தால் நாற்பது தடவை! பன்னிரண்டு மெஷின்களையும் மேய்ப்பது அவள் வேலை. அந்த வேலை நிரந்தரமா, இல்லையா... இன்று பத்து மணிக்கு மேனேஜர் சொல்வார். அதற்குள் தடையைக் கையும் களவுமாகப் பிடிக்க வந்தாள். பிடித்தும்விட்டாள். முன்பு பெரிய வண்டியில் உட்கார்ந்து புல் வெட்டியவன். இப்போது மெஷின் கழுவுகிறவன்.

"மெஷினால உங்க வண்டி சீட்டு போனா என் வயித்துல அடிப்பீங்களா? எங்க வீட்டுல காலேஜ் படிச்ச மொத ஆளு நான். எங்கப்பா இன்னும் மூட்டை தூக்கறார். உங்களுக்கு விளையாட்டா இருக்கா?"

"விளையாடறவங்க விட்டுட்டுப் போறதப் பொறுக்கறேங்க."

உள்ளங்கையை விரித்தான். சேறு அப்பிய நான்கு பந்துகள்.

தூறல் விழுந்தது. ஒரு துளி அவன் இமையில் தங்கியது. அந்தக் கண்களில் கொஞ்சம்கூடக் கோபமில்லை... அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

"ஈரமண்ணுல புதைஞ்சு கெடக்கும், மெஷினுக்குத் தெரியாது. மெஷின் வந்த மொத வாரம் ஒன்பது பிளேடு ஒடஞ்சப்ப மேனேஜர் எல்லார் முன்னாடியும் சொன்னாரே... மூட்டை தூக்கறவன் பொண்ணுகிட்ட மெஷினக் குடுத்தா இப்படித்தான்னு. நானும் அங்கதான் நின்னேன். அதுக்கப்புறம் ஒண்ணாவது ஒடஞ்சுதா?"

குனிந்து புல்லைப் பார்த்தாள். மெஷின் நின்ற தடவைகளை எண்ணியவள், உடையாத பிளேடை எண்ணவே இல்லை. பனி படர்ந்த புல்லில் மெஷின் போன தடத்துக்கு முன்னால், வெகுதூரம், அவன் காலடிகள்...

"உங்க மேல சந்தேகப்பட்டு நேத்தே கம்ப்ளெய்ண்ட் குடுத்துட்டேன்," என்றாள்.

"தெரியும். நான்தான் மெஷின நிறுத்தறேனான்னு மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார். ஆமாம்னுட்டேன்."

"லூசாய்யா நீங்க?"

"பந்துன்னு சொன்னா, அதப் பாக்கறதும் அவ வேலைதானேன்னு உங்களத் திட்டுவார்."

"திட்டட்டும்! பத்து மணிக்கு நீங்களும் வரணும். நான் எழுதினது தப்புன்னு அவர் மூஞ்சிக்கு நேரா சொல்லப்போறேன்."

"உங்க வேலை?"

"போனா போகட்டும்... எதுக்குப் போகணும்? மூணு வாரமா ஒரு பிளேடு ஒடையல. அதச் சொல்லி சண்டை போடுவேன்!" மூச்சு வாங்கினாள். "உங்களுக்கு வாய் இல்ல? ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"நீங்க திட்டறப்ப... கேட்டுட்டே இருக்கலாம்னு தோணுது."

"சிரிக்காதீங்க. நாளையிலேர்ந்து தனியா நடந்தீங்க, கால ஒடச்சிருவேன். நானும் வருவேன்."

"பந்து பொறுக்கவா?"

"உங்களப் பிடிச்சிருக்குன்னு சொல்றேன், மரமண்டை!"

அவன் தடுமாறி ஓரடி விலகினான். மெஷின் கிளம்பியது, ஒரு முழம் போவதற்குள் நின்றது. அவன் விட்ட இடத்தில் அவள் நின்றிருந்தாள். 'முன்னால் தடை.'

"நகரலையா?" என்றான்.

அவள் போனை அணைத்தாள்.

"நீங்க மொதல்ல பதில் சொல்லுங்க."

"எனக்கு... மூணு வாரம் முன்னாடியே."