நனையாத துண்டு

மணல் அரிக்கும் மரவையை ஓடைத் தண்ணீரிலிருந்து தூக்கியபோது அதிலிருந்த மணல் நனைந்திருந்தது, கூழாங்கல் நனைந்திருந்தது, செவந்தியின் கையும் முழங்கை வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. நடுவில் கிடந்த அந்த வெள்ளைத் துண்டு மட்டும் வெயிலில் காயப்போட்டு எடுத்ததுபோல் உலர்ந்து கிடந்தது. புதிதாக வந்திருந்த ஒரு நயா பைசா அளவுதான். கனமோ ஒரு கைப்பிடி ஈயத்தின் கனம்.

"வெள்ளியாங்க?" என்று கேட்டாள்.

"வெள்ளிக்கு இம்புட்டுக் கனம் ஏது புள்ள?" என்ற அவள் புருசன் நல்லதம்பி, அதை எடுத்துக் கடைவாய்க்குள் ஒதுக்கிக்கொண்டான்.

ஆலங்குடிக்குக் கிழக்கே, நகை ஆசாரிகள் தெருத் தண்ணீர் வந்து கலக்கும் அந்த ஓடையில் மணல் அரித்துப் பொன்துகள் தேடுகிறவர்கள் எல்லோருமே அப்படித்தான். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருக்கும், கட்டிய துணியும் ஈரம். கிடைத்ததைத் தொலைக்காமல் வைக்கக் கன்னத்தைவிட நல்ல பெட்டி கிடையாது. ஆனால் அது தெரிந்த பொன்னுக்கு. தெரியாத உலோகத்தை இலையால்தான் எடுக்க வேண்டும், கையால் தொடக்கூடாது. அது நல்லதம்பிக்கும் தெரியும். பழக்கம் முந்திக்கொண்டது. செவந்திக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அதற்காகப் பிற்பாடு தன்னையே திட்டிக்கொண்டாள்.

உச்சிவேளையில் அவன் அதை அவள் உள்ளங்கையில் துப்பினான். துளி எச்சில்கூட அதில் ஒட்டியிருக்கவில்லை.

ஆமணக்கு இலையில் பொதிந்து ஆவுடையப்பன் ஆசாரியின் பட்டறைக்குக் கொண்டுபோனாள். ஆசாரி இடுக்கியால் எடுத்து உரைகல்லில் தேய்த்தார், கோடு விழவில்லை. காந்தத்தைக் காட்டினார், அசையவில்லை. கடைசியில் தட்டில் வைத்து அதன் பக்கத்தில் ஒரு சொட்டுப் பாதரசம் விட்டார். பொன்னைத் தொட்டால் அப்படியே ஒட்டிக்கொள்ளும் பாதரசம், சின்னச் சின்ன மணிகளாகச் சிதறித் தட்டின் விளிம்புவரை ஓடி, அங்கே நடுங்கிக்கொண்டு நின்றது.

ஆசாரி இடுக்கியைக் கீழே வைத்துவிட்டார்.

"இது நமக்குத் தெரிஞ்ச சாமான் இல்ல, தாயி. தீயில காட்டிப் பாக்கலாம். நான் காட்ட மாட்டேன். எடுத்த எடத்துலயே கொண்டுபோய் விட்டுரு. கை படலையே?"

"படலைங்க," என்று பொய் சொன்னாள். உள்ளங்கை முந்தானைக்குள் இருந்தது.

ஓடைக்கரையில் நின்று அதை இலையோடு விசிறி எறிந்தாள். "போ. ஒன் எடத்துல கெட. எங்கிட்ட ஒன் வேலையெல்லாம் வேணாம்." பயந்துதான் போயிருந்தாள், அதை ஓடைக்கு முன்னால் காட்டிக்கொள்ள அவளுக்கு மனமில்லை. தண்ணீரில் அது விழுந்த சத்தம் கேட்கவே இல்லை.

வீடு வந்து சேர்வதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு, பொழுது இருக்கும்போதே வீட்டுக்குள் இருட்டிவிட்டது. கூரையிலிருந்து வடிந்த தண்ணீரின் சலசலப்புக்கு நடுவே சொம்பு பானையில் இடிபடும் சத்தம் ஓயாமல் கேட்டது, அடுப்பு மூட்டாமலே சூடேறிய செம்பின் வாடை வீடு முழுக்க நின்றது. நல்லதம்பி தண்ணீர் மொண்டு மொண்டு வாயில் ஊற்றிக்கொண்டிருந்தான். ஊற்றியதெல்லாம் நாக்கில் உருண்டு, உதட்டில் உருண்டு, தரையில் விழுந்தது. மோவாய் காய்ந்திருந்தது.

"தாகமா இருக்கு புள்ள. உள்ள போக மாட்டேங்குது."

துணியை நனைத்து அவன் வாயில் பிழிந்தாள். உருண்டது. விரலால் தொண்டைவரை தள்ளினாள். உருண்டு வெளியே வந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எந்த ஓடையிலோ கிடந்த எதுவோ, அவள் புருசனுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கிடையாது என்று சொல்வதா?

அவன் எழுந்து வாசலுக்குப் போனான். மழையில் நின்று, வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

"இங்கிட்டு வாங்க!"

வரவில்லை. ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து இழுத்தாள். அவள் சேலை தொப்பலாக நனைந்தது. அவன் முடி நனையவில்லை. பிடரியில் காலையில் ஒட்டிய புழுதி அப்படியே இருந்தது.

அப்போதுதான் தன் கையைப் பார்த்தாள்.

உள்ளங்கை நடுவில் ஒரு வட்டம். நயா பைசா அளவு. காய்ந்திருந்தது. மழை அதன்மேல் விழுந்து உருண்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ரூபாய் அளவானது.

"அவரையும் விடு. என்னையும் விடு," என்றாள். "நான் ஒனக்கு அடங்குற ஆளில்ல."

கூரைச் செருகலிலிருந்து அரிவாளை உருவினாள். பல்லைக் கடித்தாள். வட்டத்தின் ஓரத்தில் கீறினாள்.

வலித்தது. ரத்தம் வந்தது. வழியவில்லை.

மணி மணியாகத் திரண்டது. உள்ளங்கையில் ஒரு சொட்டும் ஒட்டவில்லை. ஒவ்வொன்றாகக் கையின் விளிம்புவரை ஓடியது. அங்கே நின்று நடுங்கியது.

வாசலில் நல்லதம்பி இன்னும் வாயைத் திறந்தபடி நின்றான். மழை அவனைச் சுற்றி விழுந்துகொண்டிருந்தது.

செவந்தி அரிவாளைக் கீழே போடவில்லை. மணிக்கட்டுக்கு மேலே, இன்னும் ஈரமாக இருந்த இடத்தில், அதை வைத்தாள்.