பச்சையில் வந்த திருத்தம்

பகல் இரண்டு மணிக்கு இளையவள் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது எல்லா ஜன்னல்களும் சாத்தியிருந்தன. வெளியே கண் கூசும் வெயில். உள்ளே செருப்பை எங்கே கழற்றிவைப்பது என்றே தெரியாத இருட்டு. தைலமும் கிருமிநாசினியும், அவற்றுக்கு அடியில் இன்னதென்று சொல்ல முடியாத இன்னொன்றும் கலந்த வாடை மூக்கில் ஏறியது.

"ஏன் அக்கா இப்படி இருட்டா வெச்சிருக்கே?"

"அப்பா தூங்குறார். மெதுவா பேசு. என்ன திடீர்னு, ஒரு போன் கூடப் பண்ணாம?"

மூத்தவள் கதவைப் பாதிதான் திறந்திருந்தாள். அவள் தலை வாரி இரண்டு நாளாவது ஆகியிருக்கும்.

"நம்ம வெப்சைட்ல ஒரு கோளாறு. உன்கிட்ட நேர்ல கேட்கணும்னு தோணுச்சு."

அது இந்தக் குடும்பத்துக்கென்று இளையவள் செய்துகொடுத்த இணையப் பக்கம். அம்மா படுத்த படுக்கையானபோது உறவுக்காரர்கள் ஆளாளுக்குப் போன் செய்து மூத்தவளைப் பிய்த்தெடுத்தார்கள். அதற்காகத்தான் 'அம்மா இன்று'. மூத்தவள் தினமும் நாலு வரி எழுதுவாள். இளையவள் வெளியூரில் தன் அலுவலகத்தில் உட்கார்ந்தபடி அதற்கு ரோஜா நிறத்தில் கட்டம், ஓரத்தில் இலைக்கொடி, வட்டத்துக்குள் அம்மாவின் முகம் என்று வைத்து அழகு பார்ப்பாள். பக்கத்தைத் தேடிப்போகச் சோம்பல்படுகிறவர்களுக்காகச் செய்தியோடை ஒன்றையும் இணைத்திருந்தாள். அவரவர் போனில் இருக்கும் ரீடர் செயலி மணிக்கொரு தரம் அந்த ஓடையை எட்டிப்பார்த்து, புதிதாக இருப்பதை எடுத்துவரும். ரோஜா நிறத்தையோ இலைக்கொடியையோ அது சட்டை செய்யாது. வெறும் எழுத்து மட்டும்தான். பழைய பதிவில் ஒரு சொல் மாறினாலும் கண்டுபிடித்துவிடும். போன சொல்லைச் சிவப்பில் அடித்து, வந்த சொல்லைப் பச்சையில் எழுதி, அந்தப் பதிவை மறுபடி மேலே கொண்டுவந்து வைக்கும்.

அம்மா போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவள் போன அடுத்த வாரமே அப்பா படியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். தினமும் தன் கடைக்குப் போய்வந்துகொண்டிருந்த மனிதர் அதே அறையில் படுத்தார். பக்கம் 'அப்பா இன்று' என்று தொடர்ந்தது.

முந்தின நாள்தான் தாய்மாமா கூப்பிட்டிருந்தார்.

"என்னம்மா இது. உங்கம்மாவோட பழைய பதிவெல்லாம் தினமும் ரெண்டு மூணு வந்துக்கிட்டே இருக்கு. அடிச்சுத் திருத்தி வருது."

"அக்கா ஏதாவது மாத்துறாளோ என்னவோ, மாமா."

"அவளுக்கு எங்க நேரம்? இது உங்கம்மா வேலை மாதிரில்ல இருக்கு. அவ எதிர்ல நான் ஒரு பேச்சை முழுசா முடிச்சதே கிடையாது. 'இப்பத்தான் வந்தேன்'னு சொன்னா, 'வந்து இருபது நிமிஷம் ஆச்சு'ம்பா." சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். "நீயே பாரேன், குட்டி."

பார்த்தாள்.

'ஒரு கிண்ணம் சூப் குடித்தாள்.' அதில் 'ஒரு' அடிபட்டு, பச்சையில் 'கால்'.

'காலையில் உடம்பு துடைத்துவிட்டேன்.' காலை போய், சாயங்காலம்.

'மதியம் நன்றாகத் தூங்கினாள்.' அந்தக் கடைசி இரண்டு சொல்லும் போய், 'கூப்பிட்டாள்'.

ரீடரில் இப்படி. ஆனால் இணையப் பக்கத்தில் எதுவும் மாறவில்லை. ரோஜாக் கட்டத்துக்குள் அம்மா நன்றாகத்தான் தூங்கிக்கொண்டிருந்தாள். ஓடையின் கோப்பைத் திறந்து வரிவரியாகப் படித்தாள். அதிலும் பழைய சொற்களே. கடவுச்சொல் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்.

அந்த இன்னொருத்தி இப்போது எதிரில் நின்றாள்.

"அம்மாவோட பதிவுகளை நீ திருத்துறியா, அக்கா?"

"நானா? அம்மா பேரைப் பார்த்தாலே பக்கத்தை மூடிடுறேன். அதை வேற திறப்பேனா?"

"மாமா சொன்னார்..."

"அவரை ஒரு நாள் இங்க வந்து பெட்பேன் எடுக்கச் சொல்லு. அப்புறம் சொல்லட்டும்." மூத்தவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உட்காரு. டீ போடறேன்."

இளையவள் அப்பாவின் அறைக்குள் போனாள். அப்பா வாயைத் திறந்தபடி மல்லாந்து கிடந்தார். பக்கத்தில் அம்மாவின் கட்டில், மெத்தை சுருட்டி வைக்கப்பட்டு, வெறும் கம்பி வலையாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, மடிக்கணினியைத் திறந்தாள். இருட்டில் திரையின் வெளிச்சம் அப்பாவின் கன்னத்தில் விழுந்தது.

ரீடரில் ஒரு பதிவு தடித்த எழுத்தில் மேலே வந்திருந்தது. அம்மா இறந்த அன்று மூத்தவள் எழுதியது.

'அம்மா தூக்கத்திலேயே அமைதியாகப் போய்விட்டாள்.'

அந்த வரி முழுவதும் சிவப்பில் அடிபட்டிருந்தது. அதன் பக்கத்தில் பச்சை.

'விழித்திருந்தேன். கதவு வெளியே பூட்டியிருந்தது.'

விழித்திருந்தேன்.

இதுவரை வந்த திருத்தத்தில் 'கூப்பிட்டாள்' என்றுதான் இருந்தது, 'கூப்பிட்டேன்' என்று இல்லை.

காலிக் கட்டிலின் கம்பி ஒரு தரம் முனகியது. யாரோ சுவர்ப்பக்கமிருந்து இந்தப்பக்கம் புரண்டு படுத்ததுபோல.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரையையே பார்த்தாள். இன்னொரு பதிவு மேலே ஏறியது. இன்றைய பதிவு. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் எழுதியது.

'அப்பா மாத்திரை போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறார்.'

அதுவும் முழுக்கச் சிவப்பு.

'நான்கு கொடுத்தாள். எழுப்பு.'

"அப்பா."

தோளைத் தொட்டாள். பிறகு உலுக்கினாள். தலை பக்கவாட்டில் சரிந்தது, அவ்வளவுதான். உதட்டில் நீலம். ஒரு மூச்சு வந்தது. அடுத்த மூச்சுக்காக அவள் காத்திருந்த நேரம் மிக நீளமாக இருந்தது.

"அக்கா. அப்பாவுக்கு எத்தனை மாத்திரை குடுத்தே?"

மூத்தவள் டீயோடு வாசலில் நின்றாள். "ஒண்ணு. டாக்டர் சொன்னது."

"நாலு."

கோப்பை கீழே விழவில்லை. அவள் அதைப் பார்த்துப் பார்த்து மேசைமேல் வைத்தாள். "யார் சொன்னா?"

இளையவள் திரையைத் திருப்பிக் காட்டிவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். மூத்தவள் நின்றபடியே படித்தாள். இரண்டு வரி படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

"ஒரு மூணு மணி நேரம், குட்டி," என்றாள் மெல்ல. "வெளியில போய் சும்மா நடந்துட்டு வரணும். அதுக்குத்தான். ஒண்ணுல எழுந்துடுறாங்க. அம்மாவுக்கும் அப்படித்தான் குடுத்தேன். நீ இலைக்கொடி போட்டுக்கிட்டிருந்தே. நான் துணி அலசிக்கிட்டிருந்தேன். எட்டு மாசத்துல ஒரே ஒரு தடவை வந்தே."

"அம்மா கூப்பிட்டது உனக்குக் கேட்கலையா?"

"நான் தெருவுல இருந்தேன். திரும்பி வந்தப்ப யாரும் கூப்பிடல."

மருத்துவமனையில் குழாய்கள் வைத்தார்கள். மறுநாள் மதியம் அப்பா கண் திறந்து, "கடை சாவி எங்கே?" என்றார். பதிவேட்டோடு வந்த நர்ஸ் கேட்டாள்.

"நாலு மாத்திரைன்னு சரியா சொன்னதாலதான் பிழைச்சார். யாரு பார்த்தது?"

"அம்மா," என்று இளையவள் வாய்தவறிச் சொன்னாள்.

"அவங்களை வரச் சொல்லுங்க. ஒரு கையெழுத்து வேணும்."

மூத்தவளை மாமா தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவள் இரண்டு நாள் எழுந்திருக்காமல் தூங்கினாளாம். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்பதென்றால் யாரிடமிருந்து தொடங்குவது என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்பாவை இளையவள் தன் வீட்டுக்கே கொண்டுவந்தாள். ஒரு கையில் அலுவலக வேலை, ஒரு கையில் ஸ்பூன். பத்தொன்பதாம் நாள் அவளுக்கு முதுகு விட்டுப்போயிற்று. அப்பா நாலு ஸ்பூனுக்கு மேல் வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டார். மாமா கவலைப்படுவாரே என்று, 'அப்பா இன்று ஆறு ஸ்பூன் சாப்பிட்டார்' என்று எழுதினாள். இரண்டு ஸ்பூன் வித்தியாசம்தானே.

ஒரு மணி நேரம் கழித்து ரீடர் அந்தப் பதிவை மேலே கொண்டுவந்தது. ஆறு அடிபட்டு, பச்சையில் 'நாலு'.

அவள் உடனே பக்கத்துக்குள் போய் நாலு என்று மாற்றினாள். போனைக் கவிழ்த்து வைத்தாள். அப்பாவின் பக்கத்திலேயே, கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுபடி ஒரு மணி நேரம். போன் ஒரு தரம் அதிர்ந்தது.

நாலும் சிவப்பில் அடிபட்டிருந்தது.

'மூன்று. நீ போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.'

அப்பாவின் கழுத்தடியில் செருகியிருந்த துண்டை மெல்ல விலக்கினாள். நாலாவது ஸ்பூன் கஞ்சி அங்கே காய்ந்து ஒட்டியிருந்தது.