எழுதாதவை நீக்கப்படும்

மதிய உறக்கத்தில் கிடந்த டெர்லிஸுக்கு முதலில் உறைத்தது, டக் டக்கென்று தலையை ஆட்டும் மேசை விசிறியின் சத்தம் நின்றுபோனதுதான். மின்சாரம் போயிருக்கும் என்று நினைத்தான். சூடான வடக்குக் காற்று அடிக்கும் நாட்களில் லூக்கே ஊரில் அது வழக்கம். கூடத்தில் கட்டிய வலை ஊஞ்சலில் கண்ணைத் திறக்காமலே படுத்திருந்தான். வெளியே மாமரத்தில் சில்வண்டுகள் மூச்சு விடாமல் கத்திக்கொண்டிருந்தன. பழம் ஒன்று ஓட்டின் மேல் விழுந்து உருண்டு எங்கோ தங்கியது. சமையலறையிலிருந்து தெரெரே என்னும் குளிர்ந்த மூலிகைத் தேநீருக்கு இடித்த புதினாவின் வாசமும், வெயிலில் காய்ந்த செம்மண்ணின் வாசமும் ஒன்றாக வந்தன. சுவருக்கு அப்பால் குளிர்சாதனப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.

குளிர்சாதனப் பெட்டி ஓடுகிறது. அப்படியானால் மின்சாரம் இருக்கிறது.

கண்ணைத் திறந்தான். ஸ்டூல் மேல் விசிறி இல்லை. யாரோ எடுத்திருந்தால் அது நின்ற இடம் வட்டமாகத் தெரிந்திருக்கும். ஸ்டூல் முழுக்கச் சீராகத் தூசி படிந்திருந்தது.

நெஞ்சின் மேல் கிடந்த போன் அதிர்ந்தது. வீட்டிலிருந்து செய்தி. "ஒப்பிடப்பட்டது. நீக்கப்பட்டவை: 1. உருவாக்கப்பட்டவை: 0. ஒப்புதல்: டெர்லிஸ்."

அவன் எதற்கும் ஒப்புதல் தரவில்லை. தூங்கிக்கொண்டிருந்தான்.

டெர்லிஸுக்குத் தலைநகர் அசுன்சியோனில் உள்ள ஒரு நிறுவனத்தில் வேலை. பெரும்பாலும் வீட்டிலிருந்தே செய்வான். அங்கே சர்வர்களை யாரும் கையால் தொடக் கூடாது. என்னென்ன இருக்க வேண்டும் என்பதைக் கோப்பில் எழுதி வைப்பார்கள். பைப்லைன் என்று அவர்கள் அழைக்கும் தானியங்கி வரிசை ஒன்று கோப்பைப் படித்து, இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். எழுதியிருந்து இல்லாததை உருவாக்கும். எழுதியதிலிருந்து விலகியதை நேராக்கும். செய்வதற்கு முன் ஒரு மனிதரிடம் சம்மதம் கேட்கும். அந்த மனிதர் என்ன ஏது என்று படித்துவிட்டுச் சம்மதிக்க வேண்டும். யாரும் படிப்பதில்லை.

"படிச்சுப் பாத்தா ஓகே குடுக்க மனசு வராதுடா" என்பான் அவனோடு வேலை செய்யும் நெரி. "அதனால நான் படிக்கிறதே இல்ல."

டெர்லிஸ் ஒரு படி மேலே போனான். வீட்டையும் கோப்பில் எழுதினான். விளக்குகள், தண்ணீர் மோட்டார், குளிர்சாதனப் பெட்டி, வெளிக்கதவு, அதைத் திறக்கும் உரிமை உள்ளவர்களின் பெயர்கள்: டெர்லிஸ், சுனில்தா.

"பொண்டாட்டியக்கூட எழுதி வெச்சிட்டியா?" என்று சிரித்தான் நெரி. "பாத்துடா, எழுத்துப்பிழை விட்டுடாத. வேற ஒருத்தி வந்து நிப்பா."

வீட்டுப் பைப்லைன் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கும்; விலகல் ஏதாவது கண்டால் அடுத்தடுத்து ஓடும். ஒவ்வொரு முறையும் சம்மதம் கேட்டு உறக்கத்தைக் கெடுத்தது. அவன் பெயரில் தானாகவே சரி சொல்லும் சின்ன நிரல் ஒன்றை எழுதி, அதையும் கோப்பில் சேர்த்தான். அதன் பிறகு நிம்மதியாகத் தூங்கினான்.

இன்று படுப்பதற்குச் சற்று முன் இன்னொரு வரி சேர்த்திருந்தான். எழுதாதவை நீக்கப்படும். அலுவலகக் கோப்பில் இருக்கும் வரிதான்; ஓர் ஓட்டத்துக்கு ஒன்றாக நீக்கும். பார்க்க ஒழுங்காக இருக்கும் என்று போட்டான்.

விசிறி, சுனில்தாவின் அக்கா போன வாரம் கொடுத்தது. கோப்பில் இல்லை.

"அப்பா."

உள்ளறை வாசலில் மகள் அராமி நிற்பது தெரிந்தது. அவன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எனக்குத் தூக்கம் வரல."

"போய்ப் படு. இந்த நேரத்துல வெளிய சுத்துனா பிள்ளைபிடிக்கிற யாசி யாத்தெரே சீட்டியடிச்சுக் கூட்டிட்டுப் போயிடுவான்."

"வீட்டுக்குள்ள வருவானா?"

"கதவு பூட்டியிருக்கு. போ."

வெறுங்கால்கள் திரும்பிப் போகும் சத்தம் கேட்டது. அவள் உள்ளே பொம்மையோடு ஏதோ முனகிப் பாடினாள்.

சுனில்தா சமையலறையில் கன்னத்தில் கை வைத்து அரைத் தூக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"உங்கக்கா குடுத்த ஃபேன் எங்க?"

"எந்த ஃபேன்?"

"டக்கு டக்குனு ஆடுமே, அது."

"அவ என்னைக்கு எனக்கு ஒண்ணு குடுத்திருக்கா? கருமி. கனவு கண்டியா?"

அவன் சிரிக்க முயன்றான். போன் அதிர்ந்தது. நீக்கப்பட்டவை: 1.

கொல்லைப்பக்கம் போனான். மாமரத்தடியில் நாய் லோபோ எப்போதும் படுத்திருக்கும் குழி இல்லை. தரை சமமாக இருந்தது. சங்கிலி இல்லை. மரத்தில் சங்கிலி தேய்த்த தழும்பு இல்லை. லோபோ என்று கூப்பிட்டான். காற்று சூடாக முகத்தில் மோதியது. சில்வண்டுகள் கத்தின.

"யாரக் கூப்பிடுற?" என்றாள் சுனில்தா, உள்ளிருந்து. "பக்கத்து வீட்டு ஆளுங்க தூங்குறாங்க."

"லோபோவ."

"அது யாரு?"

அப்போதுதான் அவனுக்குக் கோப்பு முழுவதும் கண்முன் வந்தது. விளக்குகள். மோட்டார். கதவு. கதவைத் திறப்பவர்கள் இருவர். ஆறு வயதுப் பெண்ணிடம் போன் கிடையாது. கதவுச் சாவி கிடையாது.

ஓடினான். உள்ளறையில் பாட்டு கேட்டது. பொம்மைக்குச் சொல்லும் பாட்டு, ஒரே வரி, திரும்பத் திரும்ப. கூடத்தைத் தாண்டினான். கையில் போன் அதிர்ந்தது. வரி பாதியில் நின்றது.

அறையில் இஸ்திரிப் பலகை இருந்தது. இரண்டு பழைய சூட்கேஸ்கள். கட்டில் இல்லை. சுவரில் மெழுகுப் பென்சில் கிறுக்கல்கள் இல்லை. வெகுநாள் திறக்காத அறையின் பூஞ்சை வாசம்.

"அராமி எங்க?"

சுனில்தா வாசலில் வந்து நின்று அவனை மேலும் கீழும் பார்த்தாள். "அராமினா யாரு?" என்றாள். பிறகு குரல் தணிந்தது. "நமக்குக் குழந்தை இல்லாத வேதனை எனக்கும் இருக்கு, டெர்லிஸ். பேரெல்லாம் வெச்சுப் பேசாத. நல்லால்ல."

அவள் போய்விட்டாள். அவன் போனில் படங்களைத் தேடினான். கடற்கரை; அவனும் சுனில்தாவும் நடுவில் ஓர் ஆள் இடைவெளி விட்டு நின்றார்கள். பிறந்தநாள் கேக் இல்லை. பள்ளிச் சீருடை இல்லை. நெரியை அழைத்தான்.

"அராமி போயிட்டாடா. வீட்டுப் பைப்லைன்... நீதானடா அவளுக்கு ஞானத்தகப்பன்."

"நான் யாருக்குடா ஞானத்தகப்பன்? வெயில்ல குடிச்சியா?"

"என் பொண்ணுடா."

"சரி சரி." நெரி கொட்டாவி விட்டான். "வீட்டுல ஒண்ணு இருக்கணும்னா எழுதி வை. இல்லன்னா இருக்காது. உனக்கு நான் சொல்லித் தரணுமா? போய்த் தூங்கு."

டெர்லிஸ் மடிக்கணினியின் முன் உட்கார்ந்தான். வியர்வை இமைகளில் இறங்கியது. படுக்கும் முன் சேர்த்த வரியை அழித்தான். போன் அதிர்ந்தது. அறையில் மாற்றமில்லை. போனது தானாக வராது. எழுத வேண்டும்.

எழுதினான். பெயர் அராமி. வயது ஆறு. உயரம். உயரம் தெரியவில்லை. தன் இடுப்பில் கை வைத்துப் பார்த்து ஓர் எண்ணைப் போட்டான். கருத்த கூந்தல், தோள்வரை. முன்பல் ஒன்று விழுந்திருக்கும். முழங்காலில் தழும்பு. எந்த முழங்கால்? இடது என்று போட்டான். மஞ்சள் கவுன். குரல், மெல்லியது. பேசுவாள். பாடுவாள். எல்லாம் நினைவில் இருக்கும். கண்கள்.

கண்களின் நிறம் அவனுக்குத் தெரியவில்லை.

சற்று முன்தான் வாசலில் நின்றாள். அப்போது அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண் வரியை அப்படியே விட்டுவிட்டுப் பைப்லைனை ஓட்டினான். சரி செய்துகொள்ளலாம். அவள் வந்தால் போதும்.

உருவாக்கப்பட்டவை: 1.

உள்ளறைக் கதவு மெதுவாகத் திறந்தது. ஒரு சின்னக் கை சுவரைத் தடவிக்கொண்டு வந்தது. பிறகு மஞ்சள் கவுன். பிறகு கூந்தல். கூந்தலுக்குக் கீழே, நெற்றியிலிருந்து கன்னம் வரை, தோல் வழவழவென்று ஒரே பரப்பாக இறங்கியது.

"அப்பா" என்றாள். "லைட்டப் போடுப்பா."

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

சுனில்தா தெரெரேக் குவளையோடு வந்தாள். மகளைத் தாண்டிப் போகிறபோது வழக்கம்போல் அவள் தலையைக் கோதினாள்.

"என்ன அப்படி வெறிச்சுப் பாக்குற? புதுசாப் பாக்குற மாதிரி."

"அவ முகம்..."

"பொறந்ததுலேருந்தே அப்படித்தான. இப்ப என்ன வந்துச்சு உனக்கு?"

அவன் எழுதினான். கண்கள், இரண்டு, பழுப்பு. சுனில்தாவின் கண்களைப் பார்த்து எழுதினான். சில மாற்றங்களை இருப்பதன் மேலேயே செய்ய முடியாது. இருப்பதை அகற்றிவிட்டுப் புதிதாகத்தான் செய்ய முடியும். அது அவனுக்குத் தெரியும். சம்மதம் கேட்கும்போது அந்த விவரம் இருக்கும். படித்திருக்கலாம். அவன் பெயரில் சம்மதம் ஏற்கெனவே போய்விட்டது.

அராமி வாயைத் திறந்தாள். சத்தம் வருவதற்குள் அவள் இல்லை. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கூடத்தில் இருந்தது.

உள்ளறைக் கதவு திறந்தது. அவள் ஓடி வந்தாள். பழுப்புக் கண்கள். அவனை நேராகப் பார்த்தன.

"அது வலிக்குதுப்பா."

"எது செல்லம்?"

"இல்லாமப் போறது."

கீழுதடு நடுங்கியது. கண் நிறைந்தது. கன்னத்தில் வழிந்தது. அவன் துடைக்கக் கையை நீட்டினான். போன் அதிர்ந்தது. கை காற்றில் நின்றது.

உள்ளறைக் கதவு. மஞ்சள் கவுன். காய்ந்த முகம்.

"அப்பா, வேணாம்ப்பா, சொல்லுப்பா அதுகிட்ட..."

மூக்கு ஒழுகியது. போன் அதிர்ந்தது. கதவு. "நான் என்ன பண்ணேன்?" ஓடி வரும்போது கால் இடறி முழங்கை சிராய்த்தது. போன். கதவு.

அவனுக்குப் புரிந்தது. கோப்பில் கண்ணீர் இல்லை. சிராய்ப்பு இல்லை. எழுதியதிலிருந்து விலகினால் மாற்று. அழுகையை எழுதினால் எப்போதும் அழுவாள். அவளையே கோப்பிலிருந்து எடுத்தால், தான் உருவாக்கியதைப் பைப்லைன் அகற்றிவிடும். குழந்தை நிமிடத்துக்கு நிமிடம் விலகிக்கொண்டேதான் இருக்கும்.

சம்மதம் சொல்லும் நிரலைக் கையால் அழித்தான். அடுத்த ஓட்டத்தில் அது திரும்பி வந்தது. அதுவும் எழுதப்பட்டிருந்தது.

நிறுத்த வழி ஒன்றுதான். நிறுத்து என்று கோப்பில் எழுத வேண்டும். அந்த வரி நிறைவேறுவதற்கும் பைப்லைன் ஒருமுறை ஓடியாக வேண்டும். ஓடும்போது எல்லாவற்றையும் ஒப்பிடும். அவளையும்.

எழுதினான். அழுத்துவதற்கு முன் தரையில் மண்டியிட்டு அவள் தோள்களைப் பிடித்தான். பிடித்த இடம் சிவந்தது. கையை எடுத்தான்.

"செல்லம், இங்க பாரு. அசையாம நில்லு. அழக் கூடாது. கொஞ்ச நேரந்தான். அப்புறம் வராது."

"சத்தியமா?"

"சத்தியமா. மூச்சக்கூட மெதுவா விடு."

அவள் நின்றாள். இரண்டு கைகளையும் கவுனோடு ஒட்டிவைத்து, முகத்தை இறுக்கி. பள்ளியில் கொடிக்கு நிற்பதுபோல். தோளில் சிவப்பு மங்கும்வரை அவன் காத்திருந்தான். பழுப்புக் கண்கள் அவன் மேலிருந்து நகரவில்லை. அவன் மேல் முழு நம்பிக்கை இருந்தது அவற்றில்.

அழுத்தினான்.

ஒப்பிடப்படுகிறது. விளக்குகள், சரி. மோட்டார், சரி. சில்வண்டுகள் நின்றுவிட்டன. அவள் கழுத்து நரம்பு துடித்தது. கதவு, சரி. டெர்லிஸ், சரி. சுனில்தா, சரி. அவள் இமைக்கவில்லை. இமைக்காத கண்ணின் ஓரத்தில் ஈரம் சேர்ந்தது. உருண்டது. நின்றது.

விழுந்தது.

நீக்க: 1. நிறுத்த: 1. உருவாக்க: 1. ஒப்புதல்: டெர்லிஸ்.

முதலில் நீக்கம். பிறகு நிறுத்தம் போன்ற மாற்றங்கள். கடைசியில் உருவாக்கம். அந்த வரிசையை அமைத்தவன் அவன்தான். நீக்கம் முடிந்தது. நிறுத்தம் முடிந்தது. பைப்லைன் சொன்னபடி நின்றது. உருவாக்கப்பட்டவை: 0.

உள்ளறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். திறக்கவில்லை. போய்த் திறந்தான். இஸ்திரிப் பலகை. சூட்கேஸ்கள். பூஞ்சை வாசம்.

கூடத்தில், அவள் நின்ற இடத்தில், தரை ஓட்டில் ஒரு சொட்டு ஈரம் இருந்தது. அந்த வெயிலில் அது காயவில்லை.

"யார்கிட்டப் பேசிட்டிருந்த?" என்றாள் சுனில்தா. "ஐஸ் கரையுது, வா."

அவன் மறுபடியும் மடிக்கணினியின் முன் உட்கார்ந்தான். நிறுத்து என்ற வரியை அழித்தான். ஓடினால்தான் அவள் வருவாள். நிறைவேறாத வரிகளைப் பைப்லைன் நிற்கும்போது அழித்துவிட்டிருந்தது; கோப்பில் அவளைப் பற்றி எழுதியிருந்த இடம் வெறுமையாகியிருந்தது. விரல்களை விசைகளின் மேல் வைத்தான். முதல் எழுத்தை அடித்தான்.

யாரும் இல்லாத உள்ளறையிலிருந்து, கதவுக்கு மிக அருகில், மெல்லிய குரல் கேட்டது.

"எழுதாதப்பா."

அவன் அடுத்த எழுத்தை அடித்தான்.