ஏழாவது மீனவன்

பழைய ஓவியத்தைச் சுத்தம் செய்யப் பஞ்சை அதன்மேல் உருட்டி உருட்டி இங்கருக்கு விரல்கள் மரத்துப்போயிருந்தன. ஆனால் பஞ்சில் ஒட்டிவந்த சாம்பல் பூச்சு எண்ணெய்ச் சாயம்போல மணக்கவில்லை, கரையில் அழுகும் கடற்பாசிபோல நாறியது.

ஒரு காலத்தில் ஓவியர்கள் கூடிக் குடித்துக் கும்மாளமடித்த அந்தக் கடற்கரை வீடு இப்போது அருங்காட்சியகம். அவள் சுத்தம் செய்யும் படத்தில் ஆறு மீனவர்கள் படகை இழுக்கிறார்கள். ஏழாமவர்மேல் அலையைத் தீட்டி மறைத்திருந்தார்கள். அந்த ஊரில் அந்தக் காலத்தில், கடலில் போனவனின் உடல் கிடைக்காவிட்டால், மனைவி நேரே ஓவியரிடம் போய் அவன் உருவத்தை அழிக்கச் சொல்லிவிடுவாள். படத்திலாவது அவன் முகம் கரையில் இருந்தால் வீட்டைத் தேடி வந்துவிடுவான் என்று பயம். அப்படி மறைக்கப்பட்டவர் இங்கரின் கொள்ளுத்தாத்தா தோர்வால்ட். அவர் கட்டிய வீட்டில்தான் அவளும் மகள் அஸ்டாவும் இருக்கிறார்கள். ஒன்பது வயது அஸ்டா இன்று காய்ச்சலோடு தனியாகப் படுத்திருந்தாள். இங்கருக்கு மனசெல்லாம் அங்கேதான்.

"அந்த அலையச் சுரண்டாம விட்டுரும்மா," என்றார் காவலர் ஈவர், கோட்டை மாட்டிக்கொண்டே. "உங்க கொள்ளுப்பாட்டி சும்மாவா பூசச் சொல்லிருப்பாங்க?"

"வரட்டுமே ஈவர். நூறு வருஷ வீட்டு வாடகையா கேக்கப் போறாரு?"

ஈவர் சிரிக்காமல் கிளம்பிப்போனார்.

மூன்று மணிக்கே மூடுபனி ஜன்னலை அடைத்துவிட்டது. அலையின் அடியிலிருந்து முதலில் காது வந்தது, பிறகு தாடி, பிறகு கண்கள். தாடி ஈரமாக இருந்தது. துடைத்தாள். மறுபடி ஈரம். கரைப்பான் அதிகமாகிவிட்டது என்று தனக்கே சொல்லிக்கொண்டு, பஞ்சு எடுக்க மேசைப் பக்கம் திரும்பினாள்.

பின்னால் பலகைத் தரையில் சொத்தென்று ஒரு சத்தம்.

இன்னொன்று. கதவுப் பக்கம்.

திரும்பினாள். படத்தில் ஏழாமவர் நின்ற இடத்தில் வெறும் ஓவியத் துணி. ஆள் அளவுக்கு. தரையில் ஈரக் காலடிகள். கதவு திறந்திருந்தது.

கைபேசியை எடுத்தாள். வீட்டுக்கு மணி போனது, வெகுநேரம்.

"அஸ்டா, கதவப் பூட்டும்மா. உடனே."

"பூட்டித்தாம்மா இருந்துச்சு. ஒரு தாத்தா தட்டினாரு, தொறந்தேன். நம்ம வீடு அவரு கட்டினதாம்." தூக்கக் கலக்கமான குரல்.

"அவர் எங்க?"

"ரொம்பக் குளிருதுன்னாரு. போர்வைல எடம் குடுத்தேன். என்னக் கட்டிப் புடிச்சிட்டிருக்காரு. அம்மா, மெத்தையெல்லாம் தண்ணி. என் வாய் வரைக்கும்..."

பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.