சனிக்கிழமைக் கோணவாயன்

மொட்டை மாடியில் துணி உலர்த்திவிட்டு வீணா கீழே இறங்கி வந்தபோது மகாவின் தட்டு காலியாக இருந்தது. நான்கு இட்லி, சட்னி, எப்போதும் ஓரத்தில் ஒதுக்கி வைக்கும் கறிவேப்பிலை, எதுவுமே மிச்சமில்லை. போன வாரம் வரை இந்த ஐந்து வயதுப் பெண்ணுக்கு ஒரு இட்லி ஊட்டி முடிப்பதற்குள் வீணாவின் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும். இன்று மகா முதுகை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, அணைந்து கிடந்த டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"யாரு கண்ணு ஊட்டுனா?"

"நானே சாப்ட்டேன். அவரு பாத்துக்கினே இருந்தாரு," என்று மகா பால்கனிக் கதவின் திரையைக் காட்டினாள்.

திரை அசையவில்லை. வீணாவுக்குச் சிரிப்புதான் வந்தது. திரைக்குப் பின்னால் நிற்பவன் யார் என்று அவளுக்குத் தெரியும், அவனை வீட்டுக்குள் கொண்டுவந்தவளே அவள்தான்.

வீணா சின்னப் பெண்ணாக இருந்த காலத்தில் விவேக் நகரின் நாலைந்து தெருக்களுக்கு ஜெயராஜ் என்பவர் கேபிள் கொடுத்துவந்தார். மாவு மில்லுக்கு மேலே ஒரு அறை, நாலு வீடியோ டெக், ஒரு மைக். சனிக்கிழமை காலையில் எங்கிருந்தோ பிடித்த பழைய இங்கிலீஷ் கார்ட்டூன் டேப்புகளைத் தன் சொந்த சேனலில் ஓடவிடுவார். பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் புரியாது என்பதால் அவர் மனைவி காந்தா மைக்கின் முன் உட்கார்ந்து, படம் ஓட ஓடத் தன் போக்கில் தமிழில் பேசுவாள். கண்ணாடி போட்ட குண்டு வாத்து, குக்கர் மேல் ஏறிச் சவாரி போகும் இரண்டு எலிகள், வாலில் விளக்கு கட்டிய பூனை என்று எல்லாருக்கும் அவள் குரல்தான். அந்த ஒரு மணி நேரம் தெருவில் ஒரு பிள்ளையைப் பார்க்க முடியாது.

அந்தக் கார்ட்டூன் ஆட்களில் ஒருவன்தான் கோணவாயன். மஞ்சள் கோட்டு, முழங்காலுக்குக் கீழே தொங்கும் கைகள், ஒரு பக்கமாக இழுத்துக்கொண்ட தாடை. படத்தில் அவன் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை, அடுத்தவர் தட்டிலிருந்து எடுத்து எதையாவது மென்றுகொண்டே இருப்பான். மெல்லுகிற வாய் சும்மாதானே அசைகிறது என்று காந்தா அதற்கும் பேச்சு வைத்தாள். அதைப் பார்த்த தெருத் தாய்மார்களுக்கு ஒரு யோசனை வந்தது. என் பையன் பால் குடிக்க மாட்டேன்கிறான், என் பெண் சோற்றைத் துப்புகிறாள் என்று மாடி ஏறி வந்து பெயர் கொடுத்துவிட்டுப் போனார்கள். அடுத்த சனிக்கிழமை டிவிக்குள்ளிருந்து கோணவாயன் அந்தப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். ஓஸ்வால்ட், ஊட்டா ஆய்த்தா? சாப்பிட்டாச்சா என்று கன்னடத்தில் ஊரே தினமும் அன்பாகக் கேட்கிற கேள்விதான். அதன் பிறகு தமிழில், ஆகலன்னா நான் வரேன், என்பான்.

பழைய நினைவு என்று வந்துவிட்டால் நம் ஆட்களுக்குப் பயந்ததெல்லாம் மறந்துவிடும். அன்றைக்குக் கால்சட்டையை நனைத்த அதே ஓஸ்வால்ட்தான் இப்போது தெருவின் வாட்ஸ்அப் குழுவில் அந்த டேப்பின் ஒரு துண்டைப் போட்டு, அந்தக் காலம் மாதிரி வருமா என்று உருகியிருந்தான். நாற்பதை நெருங்கியவர்கள் எல்லாரும் இதயம் இதயமாக அனுப்பினார்கள். வீணாவும் அனுப்பினாள். அனுப்பியதோடு நிற்காமல், போன சனிக்கிழமை அந்தத் துண்டை மகாவுக்குக் காட்டி, தாடையைக் கோணி, அச்சு அசல் அதே குரலில் கேட்டாள். "மகா, ஊட்டா ஆய்த்தா? ஆகலன்னா நான் வரேன்." பிள்ளை கண்ணை அகல விரித்துக்கொண்டு வாயைத் திறந்தது. அதன் பிறகு வாரம் முழுக்க, ஆஸ்பத்திரி பில்லிங் கவுன்டருக்குக் கிளம்புகிற அவசரத்திலும் திரும்பி வந்த அலுப்பிலும், வேளாவேளைக்குக் கோணவாயன்தான் சோறு ஊட்டினான். இவ்வளவு சுலபமான வழியை இத்தனை நாள் விட்டுவைத்தோமே என்று அவளுக்குத் தன் மேலேயே கோபம்கூட வந்தது.

தட்டைக் கழுவப் போட்டுவிட்டு அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைக் காலையின் வழக்கமான சத்தங்கள் ஜன்னல் வழியாக வந்தன: எதிர்வீட்டுக் குக்கர், குழந்தை இயேசு கோவில் பக்கம் போகிற ஆட்டோக்களின் ஹாரன், தண்ணீர் லாரிக்காரன் யாருடனோ போடுகிற சண்டை. அந்தச் சத்தங்களுக்கு அடியில் இன்னொன்று, ஈரமாக, நிதானமாக, அவசரமே இல்லாமல் கேட்டது. யாரோ மெல்லுகிற சத்தம். கூடவே ஒரு வாடை, பழைய பெட்டி டிவி நெடுநேரம் ஓடிச் சூடானால் பின்பக்கத்திலிருந்து வருமே, அந்தச் சுட்ட தூசி வாடை. வீட்டில் இருந்தது சுவரில் மாட்டிய தட்டை டிவி, அதுவும் காலையிலிருந்து போடவே இல்லை.

மகாதான் எதையோ தின்கிறாள் என்று திரும்பினாள். அது உண்மையாகவும் இருந்தது. மகா ஃபிரிட்ஜின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மாவுப் பாத்திரத்தை மடியில் வைத்து, புளித்த பச்சை மாவை அள்ளி அள்ளி விழுங்கிக்கொண்டிருந்தாள். மாவை விழுங்க மெல்ல வேண்டியதில்லை. ஆனால் மெல்லுகிற சத்தம் நிற்கவில்லை.

வீணா பாத்திரத்தைப் பிடுங்கினாள். பிள்ளை அழவில்லை. அம்மாவைத் தாண்டி, அவள் தோளுக்கு மேலே, கூரைக்குச் சற்றுக் கீழே எதையோ நிமிர்ந்து பார்த்து, "இன்னும் சாப்டணுமா?" என்று மரியாதையாகக் கேட்டாள். வீணா அவளை வாரித் தூக்கினாள். வயிற்றில் கை பட்டது. கல்லாக இருந்தது.

அவள் புருஷன் ரவி டாக்ஸியில் மைசூருக்குச் சவாரி போயிருந்தான், நாளைக்குத்தான் வருவான். டாக்டரிடம் ஓடியிருக்க வேண்டும், அவள் வேலை பார்ப்பதே ஆஸ்பத்திரியில்தான். ஆனால் அவள் கால்கள் இரண்டு தெரு தள்ளியிருந்த காந்தாவின் வீட்டுக்கு ஓடின. தன் தோளுக்கு மேலே பிள்ளை யாரைப் பார்த்துக் கேட்டது என்று எந்த டாக்டரும் சொல்லப் போவதில்லை.

ஜெயராஜ் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது. காந்தா கிரில் கதவைத் திறக்கவில்லை. வத்தலாகிப் போன முகத்தைக் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, வீணா மூச்சு வாங்கச் சொன்னதையெல்லாம் கேட்டாள். அவள் பார்வை பிள்ளையின் வயிற்றிலேயே இருந்தது.

"உன்னை யாரு கூப்ட சொன்னது?" என்றாள் கடைசியில்.

அவள் குரலில் ஒரு பொட்டு இரக்கம் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்கக் கேட்க அவன் நிஜமாகவே வர ஆரம்பித்தான் என்றும், அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் படம் முடிந்து பிள்ளைகள் விளையாட ஓடிய பிறகு, தான் மட்டும் மைக்கின் முன்னால் உட்கார்ந்து, கூப்பிட்ட ஒவ்வொரு பெயரையும் அதே குரலில் திரும்பச் சொல்லி அவனைத் திருப்பி அனுப்பிவைத்ததாகவும் சொன்னாள். வீணா சாப்ட்டா, நான் வரல. ஓஸ்வால்ட் சாப்ட்டான், நான் வரல. அதை யாரும் கேட்டதில்லை. அந்தக் குழுவில் உருகுகிற ஒருத்தருக்கும் தெரியாது.

"நீ அனுப்பிச்சியா?"

வீணா தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"நீங்களே வந்து சொல்லிடுங்க காந்தாக்கா. உங்க கால்ல விழறேன்."

"கூப்ட்ட வாய்தான் அனுப்பணும். எத்தினி தடவை கூப்ட்ட?"

பிள்ளையை வேளாவேளைக்கு மிரட்டிச் சோறு போட்டேன் என்று இந்தக் கம்பிகளுக்கு முன்னால் நின்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. "ஒரு தடவைதாங்க்கா," என்றாள்.

காந்தா அவள் வாயையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஒரு தடவைன்னா போயிடுவான். போய் சொல்லு. நிறைய தடவை கூப்ட்டா அந்த வாயிலயே குந்திக்குவான்."

அப்போதுதான் உள்ளே சத்தம் கேட்டது. அதே ஈரமான சத்தம். காந்தாவின் தோளுக்குப் பின்னால் சாப்பாட்டு மேஜையில் ஒரு ஆள் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். நரைத்த பிடரி. முன்னால் காலித் தட்டு. தாடை மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.

"எம் பையன் நாணு," என்றாள் காந்தா. "எல்லார் பேரையும் சொன்னேன். நம்ம வீட்டுப் புள்ளதானேன்னு, அனுப்புறப்ப அவன் பேரை மட்டும் ஒரு வாரம் விட்டுட்டேன்." கிரிலுக்குப் பின்னால் இருந்த மரக்கதவையும் சாத்திக்கொண்டாள்.

பொய் சொன்னதைச் சொல்லிவிட வேண்டும் என்று வீணா கதவைத் தட்டினாள். மறுபடியும் தட்டினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம்தான் வந்தது. பிறகு தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கிழவிக்கு மகனால் மூளை கலங்கிவிட்டது, அதுதான் ஏதோ சொல்கிறாள். குரல் தன்னுடையது, வாய் தன்னுடையது, அதை வேறு யார் எடுத்துக்கொள்ள முடியும் என்று நினைத்தபடி நடந்தாள். மகா வழியெல்லாம் அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தபடியே வந்தாள். ஒரு இடத்தில் யாருக்கோ கை அசைத்தாள்.

வீட்டுக்குள் வெயில் தாராளமாக விழுந்திருந்தது. திரை இரண்டு பக்கமும் விலகியிருந்தது. யார் விலக்கியது? பால்கனியில் யாரும் இல்லை. பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்தாள். வாடை கூடியிருந்தது. தொண்டைக்குள்ளேயே சுட்ட தூசி.

சொல்லிவிட வேண்டும். ஒரே வரி. மகா சாப்ட்டா, நான் வரல.

தாடையைக் கோணினாள். வாரம் முழுக்கப் பழகியிருந்த இடத்துக்கு அது வழுக்கிக்கொண்டு போய் நின்றது.

"மகா," என்றாள். குரல் சரியாக வந்தது. மிகவும் சரியாக வந்தது.

அடுத்த வார்த்தைக்கு நாக்கைத் தூக்கினாள். நாக்கு எழவில்லை.

"மகா, ஊட்டா ஆய்த்தா?"

இல்லை. இதை இல்லை. கையால் வாயைப் பொத்தினாள். உள்ளங்கைக்குள் தாடை அசைந்தது. பக்கவாட்டில். நிதானமாக. வாயில் ஒன்றும் இல்லை, ஆனால் மென்றது. தாடையைத் திரும்ப நேராக்கப் பார்த்தாள். எலும்பு இசையவில்லை. சாப்ட்டா, சாப்ட்டா, என் பிள்ளை சாப்ட்டா என்று மனதுக்குள் கத்தினாள். மனதுக்குள் மட்டும்.

கை தானாகக் கீழே இறங்கியது. மேஜைமேல் மூடி வைத்திருந்த சோற்றைத் திறந்தது. உருட்டியது. பெரிய உருண்டை, பிள்ளையின் வாய்க்குள் அடங்காத உருண்டை.

மகா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு முகத்தை. பால்கனியையும் திரையையும் அவள் இப்போது பார்க்கவில்லை. தேடிக்கொண்டிருந்த ஆள் நேர் எதிரே உட்கார்ந்துவிட்டது போல, நாற்காலியில் இன்னும் நிமிர்ந்துகொண்டாள். கண்ணில் தண்ணீர் நிறைந்து கன்னத்தில் வழிந்தது. துடைக்கவில்லை. நல்ல பெண்.

"எங்க அம்மா எங்க?" என்று கேட்டாள். மெல்லிய குரலில், வெளி ஆளிடம் கேட்பது போல.

இங்கதாண்டி இருக்கேன் கண்ணு. இங்கதான்.

அது வெளியே வரவில்லை. வெளியே வந்தது மெல்லுகிற சத்தம் மட்டும். உருண்டை பிள்ளையின் உதட்டைத் தொட்டது.

மகா வாயைத் திறந்தாள்.